போன் இருக்கும்போது சின்ன கேமரா எதுக்கு?

கேள்வி: 03.02.2024, மாலை

காலேஜ் பிள்ளைகள் இப்போது பழைய சின்ன டிஜிட்டல் கேமராவைக் கையில் மாட்டிக்கொண்டு திரிகிறார்கள். என் மகனும் கேட்கிறான். செகண்ட் ஹேண்டில் ஆறாயிரம், ஏழாயிரம் சொல்கிறார்கள். அவன் கையில் நாற்பதாயிரம் ரூபாய் போன் இருக்கிறது. இது பந்தா தவிர வேறென்ன? தினமும் வைத்திருப்பவர்கள் யாராவது சொல்லுங்கள்.

பதில்: 03.02.2024, இரவு 10:40

பந்தாதான். அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் பந்தாவுக்கு வாங்கிய பொருளெல்லாம் வீணாகப் போவதில்லை. என்னிடம் ஒன்று இருக்கிறது. 2007ல் வந்த கேனன் டிஜிட்டல் இக்ஸஸ் 70. அத்தான் சிங்கப்பூரிலிருந்து வரும்போது முஸ்தபா கடையில் வாங்கி வந்தது. நான் எழுதிக் கொடுத்தது வேறு மாடல், பெட்டிக்கடையில் கிடைக்கிற பென்டார்ச் பேட்டரி போடுகிற மாதிரி. "அது பார்க்கவே நல்லால்ல மாப்ளே, இதுதான் பளபளன்னு இருந்துச்சு" என்று இதை எடுத்து வந்துவிட்டார். ஒரு வாரம் அவரோடு சரியாகப் பேசவில்லை.

போன தீபாவளிக்குப் பீரோவை ஒழித்தபோது திரும்பக் கையில் கிடைத்தது. அன்றிலிருந்து சட்டைப் பையில்தான் இருக்கிறது. மீதியை நாளை எழுதுகிறேன், தூக்கம் வருகிறது.

04.02.2024

முதலில் ஒன்று. படத் தரத்துக்காக இதை வாங்காதீர்கள். இதன் சென்சார் 1/2.5 அங்குல வகை. பெயரில்தான் அங்குலம். அசல் அளவு ஏறக்குறைய 5.8 × 4.3 மில்லிமீட்டர், ஒரு உளுந்தைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். இன்று நல்ல போன்களில் 1/1.3 அங்குல சென்சார் வருகிறது. பரப்பளவில் இதைப்போல் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. வெளிச்சத்தை அள்ளுகிற பாத்திரமே போனில்தான் பெரிது. கேமரா என்று பெயர் இருப்பதால் பெரிய சென்சார் இருக்கும் என்று நினைத்துக் காசு கொடுக்க வேண்டாம்.

70 லட்சம் பிக்சல், 3072 × 2304. ஐஎஸ்ஓ, அதாவது வெளிச்சத்தை உணர்கிற அளவு, 200 வரை படம் சுத்தமாக வரும். 400ல் சமாளிக்கலாம். 1600 வரை போகிறது, ஆனால் அதில் எடுத்தால் முகத்தில் ரவையைக் கொட்டிய மாதிரி இருக்கும்.

சரி, அப்புறம் ஏன் வைத்திருக்கிறேன்? பேட்டரி இல்லாமல் 125 கிராம். கனம் 19.4 மில்லிமீட்டர். சட்டைப் பையில் போட்டால் பை தொங்காது. மேலே உள்ள பொத்தானை அமுக்கினால் சின்னதாக ஒரு ரீங்காரம், மூடி தானே விலகி லென்ஸ் இரண்டு அடுக்காக வெளியே வரும். அணைத்தால் உள்ளே போய் முகம் மறுபடி தட்டையாகிவிடும். பீடி கட்டுக்கும் சோப்பு டப்பாவுக்கும் நடுவில் ஒரு வடிவம். ஒரு பெட்டி, அதில் ஒரு வட்டம், வேறு எதுவுமே இல்லை. 1996ல் ஃபிலிம் போடுகிற முதல் இக்ஸஸ் வந்தபோதே பிடித்த வடிவம் இது. 2000ல் முதல் டிஜிட்டல் இக்ஸஸ் அதே முகத்தோடு வந்தது, இது 2007ல். இதே கேமராவுக்கு அமெரிக்காவில் ஒரு பெயர், ஜப்பானில் வேறொரு பெயர். நம் ஊரில் விற்கிறவர்கள் மூன்று பெயரையும் சேர்த்துப் போட்டுக் குழப்புவார்கள், பார்த்து வாங்குங்கள்.

11.02.2024, ஞாயிறு, மதியம்

இன்று காலை மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட். ஐந்து மணிக்குப் போய்விட்டேன். கேள்வி கேட்ட நண்பருக்குச் சரியான பதில் இங்கேதான் கிடைத்தது என்று நினைக்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாக.

முதலில் போனை எடுத்தேன். சம்பங்கி மூட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா ஒருவர் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். "எதுக்குய்யா எடுக்குறே? யூடியூப்ல போடவா?" என்றார். இல்லை என்றேன். நம்பவில்லை. பக்கத்தில் எடை போட்டுக்கொண்டிருந்தவர், "வெல கேட்டு வீடியோ போடுற பார்ட்டி" என்றார். போனை உள்ளே வைத்துவிட்டேன்.

அரை மணி நேரம் கழித்து, டீ குடித்துவிட்டு, அதே வரிசையில் இக்ஸஸை எடுத்தேன். லென்ஸ் வெளியே வந்த சத்தத்திலேயே அந்த அம்மா நிமிர்ந்து பார்த்தார். பார்த்தவர் என்ன செய்தார் தெரியுமா? தலைமுடியை ஒதுக்கினார். கையில் ஒட்டியிருந்த இதழைத் தட்டிவிட்டார். கனகாம்பரக் கூடையை இழுத்து மடிக்கு முன்னால் வைத்துக்கொண்டு, நேராக உட்கார்ந்து, "ம்" என்றார். எடை போட்டவர் தராசை நிறுத்திவிட்டு அவரும் நின்றார்.

எடுத்ததைத் திரையில் காட்டினேன். 2.5 அங்குலத் திரை, அவருக்குச் சரியாகத் தெரியவில்லை. "கழுவித் தருவியா?" என்றார். படத்தைக் கழுவுகிற காலம் போய் இருபது வருடம் ஆகிறது, வார்த்தை மட்டும் அப்படியே இருக்கிறது. தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். இப்போது கொடுத்தாக வேண்டும்.

போனை நீட்டினால் அந்தப் படம் எங்கே போகும் என்று யாருக்கும் தெரியாது, அதனால் முகத்தை மூடுகிறார்கள். இந்தச் சின்ன டப்பாவிலிருந்து படம் எங்கேயும் போகாது, காகிதத்தில் திரும்பி வரும் என்று அவர்களே முடிவு செய்துகொள்கிறார்கள். எனக்கு இயல்பான படம்தான் பிடிக்கும், இப்படி நேராக நிமிர்ந்து நிற்பது பிடிக்காது என்று பல வருடமாகச் சொல்லித் திரிந்தவன் நான். இன்றைக்கு எடுத்ததில் அந்த நிமிர்ந்த படம்தான் தேறியது.

மல்லி என்ன விலை என்று இருவர் கேட்டிருக்கிறீர்கள். பனிக்காலம், வரத்துக் குறைவு. விலையைச் சொன்னால் அந்த அம்மா என்னைப் பற்றி நினைத்தது உண்மையாகிவிடும்.

12.02.2024

நேற்று எழுதியதில் ஒரு ஓட்டை. இங்கே பதில் எழுதிய நெல்லைக்காரர் சரியாகப் பிடித்தார்: முதலில் போனோடு போனபோது நான் யாரோ, அரை மணி நேரம் கழித்து டீ குடித்து இரண்டு பேரிடம் பேசிய பிறகு தெரிந்த முகம். கேமராவுக்கு எல்லாப் பெருமையையும் கொடுக்காதீர்கள் என்கிறார். நியாயம்தான். அடுத்த வாரம் மாற்றிச் செய்கிறேன், முதலில் கேமரா, அப்புறம் போன்.

18.02.2024

மாற்றிச் செய்தேன். வேறு வரிசை, தெரியாத ஆட்கள். கேமராவுக்கு ஐந்து பேரில் நான்கு பேர் நின்று கொடுத்தார்கள், ஒருவர் "போயிட்டு அப்புறம் வாங்க" என்றார். போனுக்கு ஐந்தில் இரண்டு. பத்துப் பேரை வைத்து ஆராய்ச்சி என்று சொல்ல முடியாது. ஆனால் நான் கையைத் தூக்கியதும் முகம் மாறுவதை நேரில் பார்த்தேன், அது போதும் எனக்கு.

இன்னொன்று, பொடி எழுத்துக் கண்ணாடி போடுகிறவர்களுக்கு. இதில் கண்ணை வைத்துப் பார்க்க ஊசிக் கண் மாதிரி ஒரு வியூஃபைண்டர் ஓட்டை இருக்கிறது. லென்ஸுக்கு நேர் மேலே இல்லை, கொஞ்சம் தள்ளி. கிட்டத்தில் எடுத்தால் நீங்கள் பார்த்தது ஒன்று, படத்தில் வருவது ஒன்று. ஓரத்திலும் நீங்கள் பார்த்ததைவிடக் கூடுதலாகவே படத்தில் விழும். ஆனால் வெயிலில் திரை தெரியாதபோது இதுதான் கை கொடுக்கும். இதற்குப் பின் வந்த சின்ன கேமராக்களில் திரையைப் பெரிதாக்குவதற்காக இந்த ஓட்டையை எடுத்துவிட்டார்கள். வாங்கும்போது ஓட்டை இருக்கிறதா என்று பாருங்கள்.

19.02.2024

நிறத்தைப் பற்றிக் கேட்டிருந்தார்கள். "சிசிடி சென்சார் நிறம், ஃபிலிம் மாதிரி" என்று வீடியோக்களில் சொல்வது உண்மைதான். சிசிடி என்பது இந்த மாதிரி பழைய கேமராக்களில் இருக்கிற சென்சார் வகை. கனகாம்பரத்தை இரண்டிலும் எடுத்துப் பார்த்தேன். போன் அதைக் கொஞ்சம் சிவப்பாக்கி மெழுகுப் பூ மாதிரி ஆக்கிவிட்டது. இக்ஸஸில் அந்த ஆரஞ்சு அப்படியே இருக்கிறது. நிழல் நிழலாக இருக்கிறது. போன் எல்லா இருட்டையும் தூக்கி வெளிச்சமாக்கி, எட்டு மணிக்கு எடுத்தது மாதிரி காட்டுகிறது. சிசிடிதான் காரணம், வேறென்ன.

சின்னக் குறிப்பு: கறுப்புத் தார்ப்பாயில் கொட்டிய மல்லியை எடுத்தால் பூ வெளுத்து வெறும் வெள்ளைத் திட்டாகிவிடும். எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் விழுகிற வெளிச்சத்தை, -2/3 வைத்துக்கொள்ளுங்கள். சூரியன் திரையில் பட்டால் மேலிருந்து கீழாக ஊதாக் கோடு விழும், பயப்பட வேண்டாம். அது சிசிடியின் குணம். திரையிலும் வீடியோவிலும்தான் வரும், படத்தில் வராது.

21.02.2024

நேற்று ஃபியூஜிஃபில்ம் எக்ஸ்100-6 அறிவித்துவிட்டார்கள். எதிர்பார்த்த மாதிரியே இங்கே எல்லோரும் அதற்குத் தாவிவிட்டீர்கள். நான்கு கோடி பிக்சல், கை ஆட்டத்தைச் சமாளிக்கிற சென்சார், 23 எம்எம் எஃப்2 லென்ஸ், பழைய கேமரா மாதிரி மேலே திருகுகள். அழகு, மறுக்கவே இல்லை. 2011ல் முதல் எக்ஸ்100 கடைக்கு வந்ததிலிருந்து அந்த வரிசையை வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருக்கிறவன் நான். ஆனால் ஒன்றரை லட்சத்துக்கு மேல். பேட்டரி, கார்டோடு 521 கிராம். அதைச் சட்டைப் பையில் போட்டால் சட்டை கீழே, நான் மேலே.

சின்ன கேமராவில் பெரிய சென்சார்தான் வேண்டும் என்றால் ரிக்கோ ஜிஆர் 3 இருக்கிறது, 257 கிராம், நிஜமாகவே பையில் போகும். ஜூம் கிடையாது, ஃப்ளாஷும் கிடையாது. அதன் அழகு வேறு வகை, கறுப்பாக, யார் கண்ணிலும் படாமல். பூ மார்க்கெட் அம்மா அதற்கு முடியை ஒதுக்குவாரா? சந்தேகம். அதை யாரும் கவனிக்காமல் எடுப்பதற்காகவே வாங்குகிறார்கள்.

வேடிக்கை என்னவென்றால், ஜப்பான் கேமரா உற்பத்தியாளர் சங்கக் கணக்கில் 2010ல் 12 கோடிக்கு மேல் டிஜிட்டல் கேமராக்கள் அனுப்பப்பட்டன, பெரும்பாலும் இந்த மாதிரி சட்டைப் பை கேமராக்கள். 2023ல் எல்லா வகையும் சேர்த்து 80 லட்சம்கூட இல்லை. அன்றைக்கு விற்றதெல்லாம் எங்கே? எல்லார் வீட்டுப் பீரோவிலும்தான். நண்பரே, ஏழாயிரம் கொடுப்பதற்கு முன் உங்கள் சித்தப்பா, பெரியப்பா வீடுகளில் கேட்டுப் பாருங்கள். சார்ஜரோடு கிடைக்கும், மேற்கொண்டு சாப்பாடும் போடுவார்கள்.

03.03.2024

19ஆம் தேதி எழுதிய நிறப் புராணத்தை வாபஸ் வாங்குகிறேன். அழிக்கவில்லை, இருக்கட்டும்.

கோவைக்காரர் சொன்னபடி போனில் தானாக வேலை செய்கிற அலங்காரங்களையெல்லாம் அணைத்துவிட்டு, எக்ஸ்போஷரைக் கொஞ்சம் குறைத்து, வெள்ளைச் சமநிலையை வெயிலுக்கு வைத்து, அதே கூடையை எடுத்தேன். இரண்டு படத்தையும் ஒரே அளவாக்கிப் பெயர் போடாமல் வீட்டில் காட்டினேன். அக்கா மகள் போன் படத்தைக் காட்டி, "இதுதான் மாமா டிஜிகேம், வைப் தெரியுது" என்றாள். அம்மா இரண்டையும் பார்த்துவிட்டு, "எதுல பூவு வாடாம இருக்கோ அது" என்றார். அதுவும் போன்தான்.

ஆக அந்த நிறம் சிசிடியில் இல்லை. படத்தைச் செய்துமுடிக்கிறபோது எவ்வளவு நிழலை விடுகிறார்கள், எவ்வளவு கூர்மை ஏற்றுகிறார்கள் என்பதில் இருக்கிறது. 2007ல் அந்தப் பெட்டிக்குள் இருந்த மூளைக்கு நிழலைத் தூக்கத் தெரியாது, அதனால் விட்டுவிட்டது. நாம் அதைக் கலை என்கிறோம்.

ஒன்று மட்டும் போனால் முடியாது, ஃப்ளாஷ். இதில் இருப்பது செனான் குழாய். கண் இமைப்பதற்கு முன் ஒரே அடியாக அடித்து ஓய்ந்துவிடும், ஆடுகிற ஆள் அப்படியே உறைந்து நிற்பான். போனில் இருப்பது எல்இடி, டார்ச் லைட்டுக்குத் தம்பி. அக்கா மகளின் கூட்டாளிகள் இதற்காகத்தான் அலைகிறார்கள், ராத்திரி ஜிகர்தண்டா கடையில் முகம் வெள்ளையாக, பின்னால் கும்மிருட்டாக. மூன்று, மூன்றரை மீட்டருக்கு மேல் எட்டாது. நாலு பேர் தோளில் கை போட்டு நிற்க அது போதும்.

10.03.2024

கழுவிக் கொடுத்தேன். அதாவது பிரிண்ட். 4×6ல் இருபது படம் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். அந்த அம்மா படத்தை வாங்கி, கையை நீட்டித் தள்ளிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "தலைய வெட்டிட்டியே தம்பி" என்றார்.

வெட்டியிருக்கிறது. நெற்றிக்கு மேலே கொண்டையில் பாதி இல்லை. கடையில் வாங்கும்போது நான் பார்க்கவே இல்லை. தப்பு என்னுடையதுதான். இந்தக் கேமரா எடுப்பது 4:3 வடிவம், 4×6 தாள் 3:2. 3072 அகலத்தை முழுதாக வைத்தால் உயரத்தில் 2048தான் தாளில் உட்காரும். 256 வரிசை வெளியே, மேலே 128, கீழே 128. பட்டை பட்டையாக ஒன்பதில் ஒரு பங்கு காலி. ஃபிலிம் கேமராவும் 3:2தான் என்பதால் அந்தக் காலத்தில் இந்தத் தலைவெட்டு நமக்குப் பழக்கமில்லை. இனி எடுக்கும்போதே தலைக்கு மேல் இடம் விட வேண்டும். இல்லை, கடையில் ஓரத்தில் வெள்ளை விட்டுப் போடச் சொல்ல வேண்டும்.

பிக்சல் போதுமா என்று கேட்டவருக்கு: 4×6க்கு 1800 × 1200 இருந்தால் அச்சு சுத்தமாக வரும், 22 லட்சம் பிக்சல்கூட இல்லை. 2000ல் வந்த முதல் டிஜிட்டல் இக்ஸஸே அந்த அளவை நெருங்கிவிட்டது. நான் 70 லட்சத்தை வைத்துக்கொண்டு தலையை வெட்டியிருக்கிறேன்.

17.03.2024

வெள்ளை ஓரம் விட்டு மறுபடி போட்டுக் கொடுத்தாயிற்று. கொண்டை முழுசாக வந்துவிட்டது. "இது என்ன சுத்தி வெள்ளையா, காரியப் பத்திரிகை மாதிரி" என்றார். ஆனால் பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கல்லாப் பெட்டி மூடிக்கு உள்பக்கம் வைத்துக்கொண்டார். எனக்கு இரண்டு முழம் மல்லி. காசு வாங்கவில்லை.

சென்னைக்காரர் லென்ஸில் பூஞ்சை என்று எழுதியிருந்தார். மதுரையில் எங்களுக்கு அந்தத் தொல்லை குறைவு, காற்று காய்ந்தது. கடலோரம் என்றால் காற்றுப் புகாத டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல். பாச்சா உருண்டைக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். நனைந்துவிட்டால் பேட்டரியை உருவிவிட்டு அரிசிக்குள் புதைத்து வைத்தால் ஈரம் இழுத்துவிடும்.

24.04.2024

மேலே கடைசி வரியைப் படித்துவிட்டு வாருங்கள்.

நேற்று அழகர் ஆற்றில் இறங்கினார். ராத்திரியே போய் இடம் பிடித்தேன். கருப்பசாமி வேஷம் கட்டி, தலையில் உருமாலோடு தண்ணீர் பீய்ச்சுகிறவர்கள் பக்கத்தில் நின்றால் படம் நன்றாக வரும் என்று கணக்கு. வந்தது. தோல் பையை அக்குளில் வைத்து அமுக்கிக்கொண்டு, பையின் வாயில் பொருத்திய சின்னக் குழாயிலிருந்து தண்ணீர் நூல் மாதிரி மேலே போகும். ஃப்ளாஷ் போட்டேன், துளித் துளியாகக் காற்றில் நின்றது. பதினேழு வயசுக் கேமரா எடுத்ததிலேயே அதுதான் சிறந்த படம். அடுத்த படத்துக்குக் கேமராவைத் தூக்கினேன், அந்த நூல் நேராக லென்ஸ் மேலேயே வந்தது. வேண்டுமென்று இல்லை, கூட்டம் தள்ளியது. அழகருக்குப் போக வேண்டியது எனக்கு வந்தது. குளிர்ச்சியாகத்தான் இருந்தது.

உடனே பேட்டரியை உருவினேன். அதுவரை சரி. வீட்டுக்கு வந்து, ஊருக்கெல்லாம் சொன்ன மாதிரியே, அரிசி டின்னுக்குள் புதைத்து வைத்திருக்கிறேன்.

26.04.2024

எடுத்தேன். போட்டேன். லென்ஸ் பாதி வந்து நின்றது. உள்ளே எதையோ அரைக்கிற மாதிரி கரகரவென்று ஒரு சத்தம். திரையில் லென்ஸ் எரர். அப்புறம் தானாக அணைந்துவிட்டது.

05.05.2024

தெருமுனையில் கடிகாரம் ரிப்பேர் பார்க்கிற பெரியவரிடம் கொண்டுபோனேன். கையில் வாங்கி ஆட்டிப் பார்த்தார், லென்ஸ் அடுக்கின் இடுக்கில் கண்ணாடியை வைத்துப் பார்த்தார். நிமிர்ந்தார். "அரிசியில போட்டீங்களா சார்?"

தண்ணீர் எப்போதோ காய்ந்துவிட்டது. இடுக்கில் சிக்கியிருந்தது நொய், ஒரு மூக்குத்திக் கல் அளவு. கூடவே அரிசி மாவுத்தூள், ஈரத்தில் கஞ்சி மாதிரி பிடித்துக் காய்ந்திருந்தது. தூரிகையாலும் ஊதுகுழலாலும் ஒரு மணி நேரம் வேலை பார்த்தார். "விசிறிக்கு முன்னாடி ரெண்டு நாள் வச்சிருந்தா போதுமே, எல்லாரும் அரிசி அரிசின்னு கொண்டாந்து போடுறீங்க. போனுன்னா அரிசி உள்ள போக வழி கம்மி, அது மூடிக் கிடக்கு. இது வாயத் தொறக்குற சாமான்."

வேலை செய்கிறது. முன்பைவிட லேசாகச் சத்தம் அதிகம். 17.03 குறிப்பில் அரிசி யோசனையை யாராவது கடைப்பிடித்திருந்தால் மன்னியுங்கள். விசிறி, இல்லையென்றால் சிலிக்கா ஜெல். அரிசி சோற்றுக்கு.

06.05.2024

ஒரு விஷயம் மறந்துபோனது. பேட்டரியை அத்தனை நாள் கழற்றி வைத்ததில் கேமரா தேதியை மறந்துவிட்டது. போட்டதும் கேட்டது, அவசரத்தில் சரி சரி என்று அமுக்கிவிட்டேன். அதனால் பெரியவர் கடையில் சோதனைக்கு எடுத்த படமெல்லாம் 2007 என்று கம்ப்யூட்டரில் அக்கா மகள் பிறந்தநாள் படங்களோடு போய் உட்கார்ந்துவிட்டது. முதல் வகுப்புப் பிள்ளை கேக் வெட்டுகிறாள், பக்கத்தில் கடிகாரப் பெரியவர் லென்ஸ் ஊதுகிறார்.

19.05.2024

கேட்டவர்களுக்கு மொத்தமாக.

பேட்டரி: என்பி-4எல். பழைய பேட்டரி உப்பியிருந்தால் உள்ளே திணிக்காதீர்கள், வெளியே வராது. நான் இணையத்தில் வாங்கிய மாற்றுப் பேட்டரி ஒன்று இரண்டே மாதத்தில் இட்லி மாதிரி உப்பியது, இன்னொன்று நன்றாக ஓடுகிறது. ஒரு சார்ஜில் எனக்கு 180 படம், சில நாள் 200.

கார்டு: 32 ஜிபிக்கு மேல் போடாதீர்கள், 64 எடுக்காது. நான் போட்டிருப்பது 2 ஜிபி. ஏறக்குறைய 600 படம் கொள்ளும். ஒரு மாதம் ஓடும்.

சிஹெச்டிகே: ஆமாம், இதில் ஓடும். கார்டில் போட்டு வைக்கிற மென்பொருள், கேமராவின் சொந்த மென்பொருளை மாற்றாது. ரா கோப்பு (கேமரா கை வைக்காத மூலப் படம்) கிடைக்கும், திரையில் ஹிஸ்டோகிராம் (வெளிச்ச வரைபடம்) வரும், இன்னும் ஆயிரம் மெனு. ஆசையாகப் போட்டேன். இரண்டு நாள் மெனுவுக்குள்ளேயே நடந்துகொண்டிருந்தேன், படம் பன்னிரண்டு. எடுத்துவிட்டேன்.

02.06.2024

இழையைத் திரும்ப முதலிலிருந்து படித்தேன். முதல் நாள் 'பந்தாதான்' என்று எழுதிவிட்டு, அடுத்த நாளிலிருந்து சென்சார், பிக்சல், நிறம் என்று அலைந்திருக்கிறேன். அழகாக இருப்பதற்காக ஒரு பொருளை வைத்திருக்கிறேன் என்று சொல்லக் கூச்சம் போல.

2011ல் லென்ஸ் மாற்றுகிற பெரிய கேமரா, ஒரு டிஎஸ்எல்ஆரும் வாங்கினேன், இரண்டு லென்ஸ், முதுகுப் பை, முக்காலி எல்லாம் சேர்த்து. படம் இதைவிடப் பத்து மடங்கு தேவலை. ஐந்தாவது வருடம் விற்றேன், வருத்தமே இல்லை. இதை மட்டும் விற்கவும் இல்லை, தூக்கிப் போடவும் இல்லை. சார்ஜர் உட்பட ஒரு பழைய கர்ச்சீப்பில் சுற்றிப் பீரோவில் வைத்திருந்திருக்கிறேன். அத்தான் பளபளப்பைப் பார்த்து வாங்கினார், அம்மா பளபளப்பைப் பார்த்துத் தூக்கிப் போடாமல் விட்டார், பூ மார்க்கெட்டில் பளபளப்பைப் பார்த்து முடியை ஒதுக்கினார்கள். நான் கேட்ட பென்டார்ச் பேட்டரி மாடல் வந்திருந்தால் 2010லேயே பழைய இரும்புக்குப் போயிருக்கும்.

இதை அத்தானிடம் போனில் சொன்னேன். "பதினேழு வருஷம் கழிச்சாவது சொன்னியே" என்றார்.

09.06.2024

சாவிக் கொத்தோடு சேர்ந்து முகத்தில் இரண்டு கீறல். புதுமண்டபத்திலிருந்து குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிப்போன தையல் கடை ஒன்றில் உறை தைக்கக் கொடுத்தேன். சாமிக்குத் தைத்த பாவாடையில் மிஞ்சிய சிவப்பு வெல்வெட், ஓரத்தில் ஜரிகை. சித்திரைக்குத் தண்ணீர் பீய்ச்சுகிறவர்களின் உடுப்பும் அங்கேதான் தைக்கிறார்கள் என்று பேச்சுவாக்கில் தெரிந்தது. என் கேமராவை நனைத்தவரின் உருமாலும் அந்தத் தையல் மிஷினில்தான் ஓடியிருக்கும்.

உறை கொஞ்சம் அதிகம்தான். ஆபீசில் விபூதிப் பையா என்று கேட்கிறார்கள்.

23.06.2024

முதலில் கேள்வி கேட்ட நண்பர் எழுதியிருக்கிறார்: தேனியில் அவருடைய பெரியப்பா வீட்டில் ஒன்று கிடைத்ததாம், வேறு கம்பெனி, ஊதா நிறம். பையன் சந்தோஷம். சார்ஜர் இல்லை. நான்தான் சார்ஜரோடு கிடைக்கும் என்று எழுதினேன், அதையும் திருத்திக்கொள்கிறேன். பேட்டரியைக் கழற்றி அதன் மேல் உள்ள எழுத்தைப் படம் பிடித்து இங்கே போடுங்கள், பொருந்துகிற சார்ஜரைத் தேடிச் சொல்கிறேன்.

07.07.2024

"இன்னும் சட்டைப் பையில் இருக்கிறதா?" என்று கேட்டவருக்கு: இல்லை. புதன்கிழமை அக்கா மகள் வந்தாள். ஹாஸ்டலில் ஏதோ விழா, மூன்று நாள் மட்டும் என்றாள். சிவப்பு உறையோடு வாங்கிக்கொண்டு போய்விட்டாள். நேற்று ராத்திரி குரூப்பில் நாற்பது படம், எல்லாம் ஃப்ளாஷ், எல்லாம் வெள்ளை முகம், எல்லாவற்றிலும் தேதி 2007. தேதியைச் சரி செய்யச் சொன்னேன். "வேணாம் மாமா, அதுதான் நல்லாருக்கு" என்கிறாள்.

சார்ஜரை எடுத்துப் போக மறந்துவிட்டாள். இங்கே மேஜை மேல் இருக்கிறது. ஃப்ளாஷ் போட்டால் 180கூட வராது. வியாழன், வெள்ளிக்குள் வருவாள்.